கீழ்வரியை வெட்டாதீர்கள்: அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நியூயார்க், வாஷிங்டன், சிகாகோ நகரங்களின் கலை அருங்காட்சியக இயக்குநர்கள், காட்சி அமைப்பாளர்கள், அறங்காவலர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 1988 முதல் டிசம்பர் முதல் நாளை உலக எய்ட்ஸ் நாளாகக் கடைப்பிடித்து வந்த அமெரிக்க அரசு, 2025இல் அதைக் கடைப்பிடிக்கவில்லை. அந்த நாளையொட்டி அரசுப் பணத்தைச் செலவிட வேண்டாமென்று வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு ஜனவரியில்தான் வெளிநாட்டு உதவிகள் ஒரே ஆணையில் நிறுத்திவைக்கப்பட்டு, அந்த உதவியை நம்பியிருந்த எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டங்கள் பல நாடுகளில் நிலைகுலைந்தன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் அரசு இதே நோயைப் பற்றி வாய்திறக்காமல் இருந்தபோது, அந்த மௌனத்தை வெட்ட வெளிச்சமாக்கிய சுவரொட்டிகளும் பதாகைகளும் இன்று உங்கள் கூடங்களில் சட்டமிடப்பட்டுத் தொங்குகின்றன. அவற்றை நீங்கள் காட்டும் விதம் பற்றியதே இந்த மடல்.

உங்களுக்கு எழுதும் மடலைத் தமிழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், எங்கள் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டுச் சோதிக்கப்பட்டபோது, அதெல்லாம் மேல்நாட்டு நோய் என்று அதுவரை இருந்த நிம்மதி போயிற்று. பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற ஒற்றைக் கேள்வியோடு தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசிற்று. சிரித்தவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. எய்ட்ஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் உரக்கச் சொல்லவைத்ததற்காக அந்தப் பலகைக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன். ஆனாலும் அது கேள்வி கேட்டது புள்ளிராஜாவைப் பற்றி மட்டுமே. மருந்து ஏன் எட்டாத விலையில் இருக்கிறது, நோயாளியை ஏன் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்று எந்த அதிகாரியையும் அது கேட்கவில்லை. அதிகாரியைப் பெயர் சொல்லிக் கேட்ட சுவரொட்டிகள் உங்கள் ஊரில் ஒட்டப்பட்டன. சுவரொட்டியோடும் சுவரெழுத்தோடும் அரசியல் பயின்ற தமிழ் வாசகர்களுக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே விளங்கும் என்பதால், அவர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு உங்களிடம் பேசுகிறேன்.

என் முறையீடு இதுதான். அந்தக் காலத்து எய்ட்ஸ் சுவரொட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மேல்வரி ஒன்று, கீழ்வரி ஒன்று உண்டு. மேல்வரி கண்ணைப் பிடிக்கும். கீழ்வரி ஆளைப் பிடிக்கும். சாலையில் போகிறவரை நிறுத்துவது மேல்வரியின் வேலை. எவரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வது கீழ்வரியின் வேலை. அன்று தடை வந்தபோதும் சரி, இன்று பாராட்டு வரும்போதும் சரி, வெட்டுப்படுவது பெரும்பாலும் கீழ்வரிதான்.

நீங்கள் நன்கறிந்த சுவரொட்டியிலிருந்தே தொடங்குகிறேன். அவ்ரம் ஃபிங்கல்ஸ்டைன் உள்ளிட்ட ஆறு நண்பர்கள் நியூயார்க்கில் அவரவர் வீடுகளில் கூடி, நோய்க்குப் பறிகொடுத்தவர்களைப் பற்றியும் தங்கள் அச்சத்தைப் பற்றியும் பேசத் தொடங்கி, பேச்சு ஒவ்வொரு முறையும் அரசியலில் போய் நிற்பதைக் கண்டு, தெருவில் ஒட்டுவதற்கு ஒரு சுவரொட்டி செய்தார்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் இளஞ்சிவப்பு முக்கோணம், அதன் கீழே வெள்ளை எழுத்தில் 'மௌனம் = மரணம்'. நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்பாளர்களின் உடையில் தைக்கப்பட்ட முக்கோணத்தின் முனை கீழ்நோக்கி இருந்தது. இவர்களுடையதில் அது மேல்நோக்கி இருந்தது. 1987இன் தொடக்கத்தில் மன்ஹாட்டன் சுவர்களில் அது ஒட்டப்பட்டது. அந்த மார்ச்சில் எய்ட்ஸுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடிய ஆக்ட் அப் இயக்கம் பிறந்ததும் அதன் அடையாளமே இந்தச் சுவரொட்டிதான் என்றாயிற்று. இந்த வரலாற்றை உங்கள் விளக்கக் குறிப்புகள் நன்றாகவே சொல்கின்றன.

ஆனால் அந்தச் சுவரொட்டியின் அடியில், கிட்டே போய் நின்றால் மட்டுமே படிக்க முடிகிற பொடி எழுத்தில், இன்னொரு பகுதி இருக்கிறது. எய்ட்ஸ் பற்றி அன்றைய அதிபர் ரீகன் ஏன் பேசவில்லை என்று அது கேட்கிறது. நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலும் மருந்து நிர்வாகத்திலும் வத்திக்கானிலும் உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்கிறது. வாக்களியுங்கள், புறக்கணியுங்கள், உங்களைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறது. கோபத்தையும் அச்சத்தையும் துயரத்தையும் செயலாக்கச் சொல்கிறது. மருந்துகளுக்கு அனுமதி தரும் அந்த உணவு, மருந்து நிர்வாகத்தின் பெயரைக்கூட அவர்கள் தப்பாக அச்சிட்டிருந்தார்கள்: 'உணவு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கூட்டாட்சி' என்று விழுந்திருந்தது. எனக்கு அந்தப் பிழை மிகவும் பிடிக்கும். பிழைதிருத்துநரின் மேசைக்குப் போய்வந்த அறிக்கை அல்ல அது, சாவு வீட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் எழுதிய மனு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த மனு சுவரில் ஏறிய பிறகுதான், 1987 மே 31 அன்று, ரீகன் எய்ட்ஸ் குறித்துத் தன் முதல் முழு உரையை நிகழ்த்தினார். அதற்குள் அமெரிக்காவில் 20,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

இன்று பைகளிலும் சட்டைகளிலும் பதக்கங்களிலும் போவது மேல்வரி மட்டுமே. சட்டை விற்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆக்ட் அப் இயக்கமே சட்டையும் பதக்கமும் விற்றுத்தான் தன் செலவைப் பார்த்துக்கொண்டது. சட்டையில் இடமில்லை, சரி. உங்கள் சுவரில் இடமிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால், காகிதம் வெளுக்காமல் இருக்கக் குறைக்கப்பட்ட வெளிச்சத்தில், அந்தப் பொடி எழுத்தை எந்தப் பார்வையாளர் படிப்பார்? சுவரொட்டியைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருந்தால், அதன் கீழ்வரியைத் தனியே பெரிதாக அச்சிட்டுப் பக்கத்தில் வைப்பதற்கு ஒரு தாளுக்கு மேல் செலவாகாது.

உங்களில் ஒருவர் கீழ்வரிக்கு ஒரு சாளரத்தையே திறந்துவிட்டதையும் சொல்லியாக வேண்டும். 1987 நவம்பரில் நியூயார்க்கின் நியூ மியூசியத்தின் காட்சி அமைப்பாளர் வில்லியம் ஓலாண்டர், பிராட்வே சாலையைப் பார்த்திருந்த அந்தக் கட்டடத்தின் சாளரத்தை ஆக்ட் அப் இயக்கத்துக்குக் கொடுத்தார். அவர்கள் அதற்கு 'பதிவேட்டில் ஏறட்டும்' என்ற பொருளில் பெயரிட்டார்கள். பின்சுவர் முழுவதும், நாஜித் தலைவர்களைக் கூண்டில் ஏற்றிய நியூரம்பர்க் விசாரணையின் புகைப்படம். மேலே நியான் விளக்கில் முக்கோணமும் முழக்கமும். முன்னால் ஆறு பேரின் உருவங்கள். ஒவ்வொருவர் முன்பும் அவரவர் எய்ட்ஸ் பற்றிச் சொன்ன சொற்கள் கான்கிரீட் பலகையில் வார்க்கப்பட்டிருந்தன. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதில் இருந்தார். மதபோதகர் ஜெர்ரி ஃபால்வெல் இருந்தார். நோயாளிகளின் உடம்பில் பச்சை குத்தி அடையாளமிட வேண்டும் என்று 1986இல் செய்தித்தாளில் எழுதிய வில்லியம் பக்லி இருந்தார். ஆறாவது ரீகன். அவர் முன்னிருந்த பலகையில் ஒரு சொல்கூட இல்லை. சொன்னதற்காகக் கூண்டில் ஏறியவர்கள் ஐவர், சொல்லாததற்காக ஏறியவர் ஒருவர்.

அந்தச் சாளரத்தைப் பார்க்க நுழைவுச்சீட்டு வேண்டியதில்லை. வேலைக்குப் போகிறவரும் கடைக்குப் போகிறவரும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அதை உருவாக்கியவர்களிலிருந்துதான் அடுத்த ஆண்டு கிரான் ஃப்யூரி என்ற கலைக்குழு பிறந்தது. காவல்துறையினர் மாற்றுடையில் சுற்றப் பயன்படுத்திய பிளைமவுத் காரின் பெயரையே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஓலாண்டர் 1989இல் இதே நோயால் இறந்தார். அவர் செய்ததைவிடக் கூடுதலாக எதையும் நான் உங்களிடம் கேட்கப்போவதில்லை.

பொதுமக்களின் அலட்சியம் என்று நாம் சொல்வது உண்மையில் என்ன என்பதைக் கிரான் ஃப்யூரிக்காரர்கள் கூர்மையாகக் கவனித்திருந்தார்கள். துண்டறிக்கையை நீட்டினால் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு போகிற மனிதர், தரையில் பணம் கிடந்தால் குனிகிறார். ஆகவே 1988இல் பங்குச்சந்தைத் தெருவான வால் ஸ்ட்ரீட்டில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்காக அவர்கள் பத்து, ஐம்பது, நூறு டாலர் தாள்களை நகலெடுத்துத் தெருவில் இறைத்தார்கள். குனிந்து எடுத்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கத்தில், நீங்கள் வியாபாரம் செய்துகொண்டிருக்கையில் மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொருளில் வசவும் சேர்த்து எழுதியிருந்தது. எடுத்தவர் கையிலேயே குற்றச்சாட்டு ஏறிவிட்டது. இனி எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு மார்ச்சில், நியூயார்க் நகர மன்றத்தின் முன் நடந்த பெரிய ஆர்ப்பாட்டத்தையொட்டி, காசு போட்டால் திறக்கும் செய்தித்தாள் பெட்டிகளைத் திறந்து, உள்ளிருந்த நியூயார்க் டைம்ஸ் இதழ்களின் மேல் தாங்கள் அச்சிட்ட நான்கு பக்கத் தாளைச் சுற்றி வைத்தார்கள். எழுத்துருவும் பத்தி அமைப்பும் அசல் போலவே இருந்தன. பெயர் மட்டும் 'நியூயார்க் கிரைம்ஸ்'. நகர மருத்துவமனைகளின் அவலம், கைவிடப்பட்ட பெண் நோயாளிகள், சிறையில் சிகிச்சையின்றி வாடும் கைதிகள் என்று அசல் இதழ் எழுதத் தவறியவற்றை நகல் இதழ் எழுதியது.

இவையெல்லாம் நகைச்சுவைக்காகச் செய்தவை அல்ல. ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்து 1987 மார்ச்சில் அனுமதி பெற்றபோது அதன் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டாலர். 1989 செப்டம்பர் 14 அன்று ஆக்ட் அப் இயக்கத்தினர் சிலர் நியூயார்க் பங்குச்சந்தைக்குள் நுழைந்து, மாடத்தில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு, மருந்து நிறுவனமான பரோஸ் வெல்கமின் பங்குகளை விற்கச் சொல்லும் பதாகையை விரித்தார்கள். சில நாட்களில் அந்த நிறுவனம் விலையை 20 விழுக்காடு குறைத்தது. பதாகையைச் சட்டமிட்டு மாட்டும்போது அதன் பக்கத்தில் அந்த விலைப்பட்டியலையும் மாட்டினால்தான் பார்வையாளருக்கு அது எதற்கான பதாகை என்று புரியும்.

இனி வெட்டுக்கு வருகிறேன். 1989இல் கிரான் ஃப்யூரி பேருந்துகளின் பக்கவாட்டில் ஒட்டுவதற்கென்று நீளமான விளம்பரம் ஒன்றைத் தயாரித்தது. பெனட்டன் துணி விளம்பரங்களின் சாயலில், பளிச்சென்ற நிறங்களில், மூன்று இணைகள் முத்தமிட்டுக்கொள்கிறார்கள்: ஓர் ஆணும் பெண்ணும், இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். முத்தம் கொல்வதில்லை, பேராசையும் அலட்சியமும்தான் கொல்கின்றன என்பது மேல்வரி. நிறுவனங்களின் பேராசையும், அரசின் செயலின்மையும், மக்களின் அலட்சியமும் சேர்ந்தே எய்ட்ஸை அரசியல் நெருக்கடியாக்கியிருக்கின்றன என்பது கீழ்வரி. எய்ட்ஸ் ஆய்வுக்கு நிதி திரட்டும் அறக்கட்டளை ஒன்றின் பொதுக்கலைத் திட்டத்துக்காக அது செய்யப்பட்டது. அந்த அறக்கட்டளையே கீழ்வரியை ஏற்கவில்லை. நிதி கொடுப்பவை நிறுவனங்கள், நிறுவனங்களின் பேராசை என்று எழுதினால் யார் கொடுப்பார்கள் என்ற கணக்கு புரியாததல்ல. கீழ்வரி போன பின் என்ன ஆயிற்று? 1990இல் சிகாகோ பேருந்துகளில் அது ஏறியபோது, இது நோயைப் பற்றியதே அல்ல, தன்பாலீர்ப்புக்கான விளம்பரம் என்று அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். இல்லினாய் சட்டமன்றத்தில் தடைச்சட்ட முயற்சி நடந்தது. ஒட்டிய விளம்பரங்களின் மேல் சாயம் அடித்தார்கள். கீழ்வரி இருந்திருந்தால் மட்டும் அவர்கள் அமைதி காத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படம் எதைப் பற்றியது என்று தீர்மானிக்கும் உரிமை எதிராளியின் கைக்கு அவ்வளவு எளிதாகப் போயிருக்காது.

கீழ்வரி காப்பாற்றப்பட்டால் அது என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. பெண்களுக்கு எய்ட்ஸ் வருவதில்லை, அவர்கள் அதனால் சாக மட்டுமே செய்கிறார்கள் என்ற கிரான் ஃப்யூரியின் 1991ஆம் ஆண்டுச் சுவரொட்டி பேருந்து நிழற்குடைகளில் வைக்கப்பட்டது. பின்னணியில் அழகிப்போட்டி மேடை. மேல்வரி யாரையும் திடுக்கிடவைக்கும். கீழ்வரியோ அரசாணைக்கு எழுதிய விண்ணப்பம் போல வறட்சியானது. எய்ட்ஸ் எது என்ற நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறையில் பெண்களுக்கு வரும் தொற்றுகள் இடம்பெறாததால் அவர்களுக்குச் சிகிச்சை மறுக்கப்படுகிறது, அந்த வரையறையை விரிவாக்க வேண்டும் என்று அது கேட்டது. பல ஆண்டுப் போராட்டங்களுக்கும் வழக்குக்கும் பிறகு, 1993 ஜனவரியில் அந்த வரையறை விரிவாக்கப்பட்டு, கருப்பைவாய்ப் புற்றுநோய் அதில் சேர்க்கப்பட்டது. சுவரொட்டி தனியாகச் சாதித்தது என்று எவரும் சொல்லவில்லை. எதைக் கேட்கிறோம் என்பது தெருவில் போகிற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்; போராட்டத்துக்கு அதுவே பெரிய பலம்.

இப்போது உங்கள் சொந்தக் கூடங்களுக்குள் வருவோம். ஃபெலிக்ஸ் கொன்சாலஸ் டோரஸ் 1991இல் செய்த மிட்டாய்க் குவியல் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. பல நிறத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள், 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. பார்வையாளர் எவரும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் குறையும். அருங்காட்சியகம் மீண்டும் நிரப்பும். அந்த எடை, எய்ட்ஸால் இறந்த அவருடைய துணைவர் ரோஸின் எடை. உருகி உருகிக் குறைந்த அந்த உடம்பைப் பார்வையாளர் வாயில் இட்டுக்கொள்கிறார், இனிப்போடு. 2022இல் அந்தப் படைப்பின் விளக்கக் குறிப்பில் ரோஸும் இல்லை, எய்ட்ஸும் இல்லை; சராசரி ஆண் ஒருவரின் எடை என்று மட்டுமே இருந்தது. பார்வையாளர்கள் கேள்வி எழுப்பிய பிறகு இரண்டும் திரும்பி வந்தன. பொருள் கொள்வதைப் பார்வையாளரிடம் விட்டவர் கலைஞரே அல்லவா என்று உங்களில் சிலர் அப்போது வாதிட்டிருக்கக்கூடும். அவர் தன் படைப்புக்குத் தலைப்பில்லை என்று எழுதியது மெய்தான். ஆனால் அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் ரோஸின் உருவப்படம் என்றும் அவரே எழுதிவைத்தார். அந்த அடைப்புக்குறிதான் அவருடைய கீழ்வரி.

2010இல் நடந்தது இதைவிடக் கனமானது. வாஷிங்டனில் தேசிய உருவப்படக் கூடத்தில் நடந்த கண்காட்சியிலிருந்து கலைஞர் டேவிட் வொய்னரோவிச்சின் காணொளி, நவம்பர் 30 அன்று எடுக்கப்பட்டது. சிலுவையின் மேல் எறும்புகள் ஊரும் சில நொடிக் காட்சி மதத்தை இழிவுபடுத்துகிறது என்று கத்தோலிக்க அமைப்பொன்று கூச்சலிட்டது. நாடாளுமன்றத் தலைவர்கள் நிதியைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தக் கூடத்தை நடத்தும் ஸ்மித்சோனியன் நிர்வாகம் பணிந்தது. மறுநாள் உலக எய்ட்ஸ் நாள். வொய்னரோவிச் 1992இல், 37 வயதில், எய்ட்ஸால் இறந்தவர். நான் எய்ட்ஸால் இறந்தால் அடக்கம் செய்ய வேண்டாம், மருந்து நிர்வாகத்தின் படிக்கட்டில் உடலைப் போட்டுவிடுங்கள் என்று 1988இல் தன் மேல்சட்டையின் முதுகில் எழுதி அணிந்து ஆர்ப்பாட்டத்துக்குப் போனவர். அவரிடம் மேல்வரி கீழ்வரி என்ற பிரிவே கிடையாது. முகவரி முதுகிலேயே இருந்தது. அதே கண்காட்சியில் தன் படைப்பையும் வைத்திருந்த ஏ.ஏ. பிரான்சன், எதிர்ப்பாக அதைத் திருப்பித் தருமாறு கேட்டார், கிடைக்கவில்லை.

அருங்காட்சியகம் கட்சி அலுவலகம் அல்ல, கலை அதைத் தூண்டிய சந்தர்ப்பத்தைக் கடந்து நிற்க வேண்டியது என்பது நீங்கள் சொல்லக்கூடிய மறுப்பு. மற்றப் படைப்புகளைப் பொறுத்து இதை நானும் ஒப்புவேன். இந்தப் படைப்புகளைச் செய்தவர்களோ தாங்கள் செய்வது கலை என்பதையே பெருமையாகக் கொள்ளவில்லை. 42,000 பேர் இறந்த பின் கலை போதாது, கூட்டாகச் செயலில் இறங்குங்கள் என்று 1988இல் கலைமன்றம் ஒன்றுக்காகவே சுவரொட்டி எழுதிக்கொடுத்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எய்ட்ஸ் நோயாளிகள் நலிந்து சாவதைக் காட்டும் நிக்கலஸ் நிக்சனின் புகைப்படங்கள் வைக்கப்பட்டபோது, ஆக்ட் அப் இயக்கத்தினர் அங்கேயே நின்று துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள், நாங்கள் சொல்வதைக் கேளுங்கள் என்பது அதன் சாரம். நோயாளியின் எலும்புகளைக் கண்டு இரங்குகிறவர், அவருக்கு ஏன் மருந்து கிடைக்கவில்லை என்று கேட்காமலே வீட்டுக்குப் போய்விடலாம். இரக்கம் அலட்சியத்தோடு ஒரே வீட்டில் சுகமாகக் குடியிருக்கக்கூடியது என்பதை அவர்கள் உங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

நீங்கள் செயலில் இறங்கியதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1989 டிசம்பர் 1 அன்று, கலையில்லா நாள் என்று விசுவல் எய்ட்ஸ் அமைப்பு அழைத்தபோது, நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்களும் கூடங்களும் கதவடைத்தன அல்லது படைப்புகளைத் துணியிட்டு மூடின. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பிக்காசோ வரைந்த கெர்ட்ரூட் ஸ்டைனின் உருவப்படத்தை அன்று ஒரு நாள் சுவரிலிருந்து இறக்கிவைத்தது. அப்போது கட்சி அலுவலகமாகிவிடுவோம் என்று எவரும் அஞ்சவில்லை.

2018இல் விட்னி அருங்காட்சியகம் வொய்னரோவிச்சுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியபோது, ஆக்ட் அப் இயக்கத்தினர் அங்கே வந்து, அவருடைய படைப்புகளின் பக்கத்தில் எய்ட்ஸ் பற்றிய அந்த ஆண்டுச் செய்திகளை அட்டைகளில் ஏந்தி நின்றார்கள். இது முடிந்துபோன வரலாறு அல்ல என்பதே அவர்கள் சொன்னது. அருங்காட்சியகம் அதன் பின் சுவர்க் குறிப்பைத் திருத்தியது. முழக்கமிட்டுக் கூடத்தைக் குலைக்காமல், அருங்காட்சியகத்தின் மொழியிலேயே, விளக்கக் குறிப்பின் வடிவிலேயே எதிர்ப்புத் தெரிவித்த அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் ஒரு நாள் நின்று செய்ததை நீங்கள் நிரந்தரமாகச் செய்யலாம்.

என்ன எழுதுவது என்று தேட வேண்டியதில்லை. ஐ.நா. எய்ட்ஸ் அமைப்பின் கணக்கில் 2024இல் உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் 4 கோடியே 8 லட்சம் பேர். அந்த ஓராண்டில் எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம். சிகிச்சை எட்டாதவர்கள் ஏறத்தாழ 92 லட்சம். விலையின் கதை இன்னும் சுவையானது. 2001இல் மும்பையின் சிப்ளா நிறுவனம் மூன்று மருந்துகளின் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தபோதுதான் மேல்நாட்டு நிறுவனங்கள் வைத்திருந்த ஆயிரக்கணக்கான டாலர் விலை எவ்வளவு பொய்யானது என்று உலகுக்குத் தெரிந்தது. இன்று, ஆண்டுக்கு இரண்டே ஊசியில் தொற்றைத் தடுக்கும் லெனகாபவிர் 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அங்கே அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். அதே மருந்தைப் பிற நிறுவனங்கள் மலிவாகத் தயாரிக்கும் பொதுவகையை 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தர முடியும் என்று 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. தயாரிக்கப்போகும் இரண்டு நிறுவனங்களும் ஐதராபாத்தைச் சேர்ந்தவை. 1988ஆம் ஆண்டின் போலி டாலர் தாளை நீங்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருந்தால், இந்த இரண்டு விலைகளையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆகவே நான் கேட்பது புதுக் கூடமோ புதுக் கண்காட்சியோ அல்ல. எய்ட்ஸ் காலப் படைப்பு எதுவாயினும் அதன் குறிப்பில் நோயின் பெயர் இருக்கட்டும், இறந்தவர் யாரென்று கலைஞர் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் இருக்கட்டும், படைப்பு யாரை நோக்கிப் பேசியதோ அவருடைய பெயரும் பதவியும் இருக்கட்டும். சுவரொட்டிகளின் பொடி எழுத்து, பிழையோடு சேர்த்து, படிக்கும் அளவில் அச்சிடப்படட்டும். நகல்களை வாசலில் அடுக்கிவைத்து, வேண்டியவர் எடுத்துப் போகும்படி விடுங்கள். நகலெடுத்துத் தெருவில் ஒட்டுவதற்கென்றே பிறந்தவை அவை. அரசியல்வாதி ஒருவர் நாளை மறுபடியும் தொலைபேசியில் அழைத்தால், 2010இல் நடந்ததைப் போல அவசர அவசரமாக எடுத்துவிடாமல், அழைத்தவர் யார், என்ன கேட்டார் என்பதை அந்தப் படைப்பின் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். வரும் டிசம்பர் முதல் நாளில் உங்கள் அரசு மறுபடியும் பேசாதிருக்குமானால், தெருவைப் பார்த்த உங்கள் சாளரங்களில் ஒன்றையாவது, ஓலாண்டர் செய்ததைப் போல, இன்று போராடிக்கொண்டிருப்பவர்களிடம் கொடுங்கள்.

இவற்றுக்கு உங்கள் அறங்காவலர் குழு இசையவில்லை என்றால், இசையாத காரணத்தை எழுதி, உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, அதே சுவரில் அந்தச் சுவரொட்டிகளின் அடியில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
சுவரொட்டிகளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கும் தமிழ் வாசகர் ஒருவர்